ஒரு ஸ்க்ரூ காணோம் என்றால் அலமாரி செத்துவிட்டதா?

மே மாதக் கடைசியில் வேளச்சேரி, தரமணி மாதிரி மாணவர்களும் ஐ.டி. ஆட்களும் வாடகைக்கு இருக்கிற ஏரியாக்களில் ஒரு நடை போனால் தெருமுனைக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். சாய்ந்து நிற்கிற ஸ்டடி டேபிள், முதுகுப் பலகை பிய்ந்த புத்தக ஷெல்ஃப், கதவு ஒன்று மட்டும் இல்லாத துணி அலமாரி. பெங்களூரு கோரமங்களாவிலும் இதே கதைதான். படிப்பு முடிந்தவன் ரூம் காலி செய்கிறான். வாங்கும்போது நாலாயிரமோ ஐயாயிரமோ கொடுத்த பொருள், இப்போது தெருவில்.

அவற்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஆச்சரியம். முக்கால்வாசியில் பலகைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கழற்றும்போது ஸ்க்ரூ பை தொலைந்திருக்கும். அல்லது நாலு பூட்டில் ஒன்று உடைந்திருக்கும். "பார்ட்ஸ் இல்லடா, தூக்கிப் போடு, புதுசு வாங்கிக்கலாம்" என்று முடிவு பண்ணிவிடுகிறார்கள். ஒரு டீக்காசு பெறாத இரும்புத் துண்டுக்காக ஒரு முழு அலமாரி குப்பைக்குப் போகிறது.

இது தவறான கணக்கு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். உதிரி காணாமல் போன பொருளும் உடைந்த பொருளும் ஒன்றல்ல. அதே சமயம், எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டு ஓட்டலாம் என்பதும் ஆபத்தான பேச்சு. எங்கே சரி செய்வது, எங்கே தூக்கிப் போடுவது என்கிற கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

கழற்றிப் பூட்டுவது புதிய ஐடியா இல்லை

தட்டையான பெட்டியில் வந்து வீட்டில் பூட்டிக்கொள்ளும் மரச்சாமான் என்றதும் எல்லோருக்கும் ஐகியா ஞாபகம்தான் வரும். ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே இந்த யோசனை வந்துவிட்டது. 1859ல் மிக்கேல் டோனெட் என்பவரின் கம்பெனி வியன்னாவில் 14ஆம் எண் நாற்காலி என்று ஒன்றைக் கொண்டு வந்தது. நீராவியில் வளைத்த மரம். மொத்தம் 6 மரத் துண்டுகள், 10 ஸ்க்ரூ, 2 நட்டு. அவ்வளவுதான் ஒரு நாற்காலி! ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகளைக் கழற்றி அடுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் பூட்டிக்கொண்டார்கள். அந்த நாற்காலியில் ஒரு ஸ்க்ரூ போனால் இன்னொரு ஸ்க்ரூ. வளைத்த கெட்டி மரம் என்பதால் திரும்பத் திரும்ப முறுக்கினாலும் தாங்கும். அந்தக் காலத்து நாற்காலிகள் இன்றும் பழம்பொருள் சந்தையில் உட்காரும் நிலையில் கிடைக்கின்றன.

அப்புறம் 1956. ஸ்வீடனில் ஐகியாவில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல் காலைக் கழற்றி வைத்தார் என்று அந்த நிறுவனமே சொல்லும் கதை பிரபலம். அதிலிருந்துதான் தட்டைப் பெட்டி அவர்களுடைய முழு வியாபாரமாகவே ஆனது. உலகம் முழுக்க விற்கிற பில்லி என்ற புத்தக அலமாரியை 1979ல் வடிவமைத்தவரும் இதே லுண்ட்கிரென்தான். இந்தியாவில் ஐகியாவின் முதல் கடை 2018 ஆகஸ்ட்டில் ஹைதராபாத்தில் திறந்தது. 2022ல் பெங்களூருக்கு வந்தது. அதற்கு முன்பே ஆன்லைன் கடைகள் இந்த வகைச் சாமான்களை நம் ஊர் வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டன.

ஆக, கழற்றிப் பூட்டும் பொருளின் பலமே அதைக் கழற்ற முடியும் என்பதுதான். ஆசாரி செய்து கோந்து போட்டு இறுக்கிய மேசையை விட இதில் ஒரு பாகத்தை மாற்றுவது சுலபமாக இருந்திருக்க வேண்டும். நடைமுறையில் ஏன் தலைகீழாக நடக்கிறது? இரண்டு காரணம். ஒன்று பலகை, இன்னொன்று அந்த உதிரிகளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாதது.

பலகையின் குணம்

இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சில்லுகளையும் பசையில் கலந்து சூடாக அழுத்திச் செய்வது. மேலே மெல்லிய லேமினேஷன். மரத்துக்கு இருக்கிற நீளமான நார் இதற்குக் கிடையாது. அதனால் ஒரு தடவை ஸ்க்ரூ ஏறிய ஓட்டையில் அதே ஸ்க்ரூவை நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் உள்ளே மாவு மாதிரி உதிர்ந்துவிடும். தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஊதியது திரும்பப் பழைய கனத்துக்கு வராது.

இதைச் சரிக்கட்டத்தான் அந்த வட்டப் பூட்டைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊர் கார்பென்டர்கள் இதை மினிஃபிக்ஸ் என்பார்கள். ஒரு பலகையில் போல்ட் மாதிரி ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பலகையில் 15 மில்லிமீட்டர் வட்டக் குழியில் ஒரு சின்ன உலோகப் பில்லை உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் பில்லையை அரைச் சுற்றுச் சுற்றினால் அது கம்பியின் தலையைப் பிடித்து இழுத்து இரண்டு பலகையையும் இறுக்கும். பலகையை அறுக்காமல் திரும்பத் திரும்பக் கழற்றலாம். புத்திசாலித்தனமான பொருள். ஆனால் அந்தப் பில்லை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. வெறி பிடித்த மாதிரி முறுக்கினால் உடையும். ரூம் மாற்றும் அவசரத்தில் உடைவது இதுதான்.

பைக்குள் இருப்பது ராணுவ ரகசியம் இல்லை

வாங்கியவர்கள் செய்கிற பெரிய தப்பு, இந்த உதிரிகள் அந்தக் கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும் என்று நம்பிவிடுவது. கையேட்டில் "பாகம் எஃப் - 8 எண்ணிக்கை" என்று மொட்டையாகப் போட்டிருப்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் இந்தத் தொழிலே ஒரு பொது அளவில்தான் ஓடுகிறது. 32 மில்லிமீட்டர் முறை என்று பெயர். அலமாரியின் உள்பக்கத்தில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இந்த முறையில் ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடு வரை 32 மில்லிமீட்டர். ஓட்டையின் விட்டம் 5. தட்டைத் தாங்கும் சின்ன ஆணி அதற்கேற்ற 5 மில்லிமீட்டர். கதவுக் கீலின் கிண்ணக் குழி பெரும்பாலும் 35 மில்லிமீட்டர். பலகைகளைக் கோக்கும் மரக்குச்சி பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் கனம். கட்டில், மேசைக்கால் போல்ட்டுகள் பெரும்பாலும் எம்6.

அதாவது சென்னை மண்ணடியிலோ, உங்கள் ஊர் பெரிய ஆர்டுவேர் கடையிலோ கேட்டால் கிடைக்கிற சரக்குதான். "ஆட்டோ ஹிஞ்ச்", "மினிஃபிக்ஸ் செட்", "டிராயர் சேனல்" என்று சரியான பெயர் சொன்னால் கடைக்காரர் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே அலமாரியில் அதே மாதிரி பாகம் இன்னும் ஏழு இருக்கும். அதில் ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். ஸ்கேல், நூல், போட்டோ எல்லாவற்றையும் விட மாதிரிப் பொருள் நம்பகமானது.

கடைக்குப் போக நேரம் இல்லையா? அந்த அலமாரியிலேயே எடை தாங்காத இடத்திலிருந்து ஒன்றை எடுத்து எடை தாங்கும் இடத்தில் போடலாம். மேல்தட்டில் அலங்காரப் பொம்மை வைக்கிற இடத்துக்கும், கீழ்த்தட்டில் எஞ்சினியரிங் புத்தகம் அடுக்குகிற இடத்துக்கும் ஒரே பூட்டு தேவையில்லை. இது தற்காலிக ஏற்பாடு, அவ்வளவுதான்.

புதுப் பெட்டியா, பழசா?

இங்கே ஒரு முக்கியமான பிரிவு உண்டு. பெட்டியைப் பிரித்த அன்றே உதிரி குறைகிறது என்றால் அது வாங்கியவரின் பிரச்சினை இல்லை, விற்றவரின் கடமை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "குறைபாடு" என்பதற்குத் தரும் விளக்கத்தில் தரம் மட்டுமில்லாமல் அளவும் வருகிறது. எட்டு போல்ட் தருவதாகச் சொல்லி ஆறு தந்தால் அது குறைபாடுதான். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் குறையுள்ள பொருளை விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. கம்பெனி காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அந்த நிலையில் சொந்தக் காசில் ஸ்க்ரூ வாங்கி, சொந்தமாக ஒரு ஓட்டையும் போட்டு வைத்தால், பிறகு புகார் சொல்வது கஷ்டமாகிவிடும். முதலில் போட்டோ, பிறகு புகார், பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர்.

ஆனால் புகார் செய்யும்போது எதைக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல ஆன்லைன் விற்பனையாளர்கள் ஒரு பை ஸ்க்ரூ அனுப்ப வழி வைத்திருப்பதில்லை. "ரிட்டர்ன்" அல்லது "ரீப்ளேஸ்மெண்ட்" என்று இரண்டே பட்டன். முப்பது கிலோ பெட்டி மறுபடி டெம்போ ஏறி கிடங்குக்குப் போகும், இன்னொரு முப்பது கிலோ பெட்டி அங்கிருந்து வரும். தூக்கி இறக்குகிற டெலிவரி பையனுக்கு மூன்றாவது மாடி இரண்டு தடவை. இத்தனையும் ஒரு கைப்பிடி இரும்புக்காக! "எனக்குப் பெட்டி வேண்டாம், உதிரிப் பை மட்டும் அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேட்பவர்கள் அதிகமானால்தான் அந்த மூன்றாவது பட்டன் வரும். ஐகியா பல நாடுகளில் பாகத்தின் எண்ணைச் சொன்னால் சின்ன உதிரிகளை இலவசமாகவே அனுப்புகிறது. ஒருவரால் முடிவது மற்றவர்களால் ஏன் முடியாது?

பழைய சாமான் என்றால், அதாவது சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வந்தது, ரூம் மாற்றும்போது பை தொலைந்தது என்றால், பந்து நம் பக்கம். அங்கேதான் சரி செய்யும் வேலை ஆரம்பிக்கிறது.

எதைச் சரி செய்யலாம்

ஆடுகிற அலமாரியைப் பார்த்ததும் எல்லோரும் பூட்டுகளை முறுக்க ஆரம்பிப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது முதுகு. பின்பக்கம் அடிக்கிற அந்த மெல்லிய பலகை தூசி தடுக்க வைத்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அலமாரி பக்கவாட்டில் சாயாமல் நேராக நிற்பதே அதனால்தான். அதற்கான குட்டி ஆணிகள் தொலைந்தால் "பரவாயில்லை, பின்னாடிதானே" என்று விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் பூட்டு எல்லாம் தளர்ந்து, ஷெல்ஃப் ஆடி, குப்பைக்குப் போகிறது. ஒரு பாக்கெட் சின்ன ஆணியும் ஒரு சுத்தியலும் இருந்தால் முடிகிற வேலை. இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று ஒரு நூலால் பார்த்துவிட்டு அடித்தால் அலமாரி கல் மாதிரி நிற்கும்.

மினிஃபிக்ஸ் உடைந்தால் அதே அளவில் வேறு. குழியே பெயர்ந்துவிட்டதா? உள்பக்க மூலையில் ஒரு எல் கிளாம்ப். அழகு கொஞ்சம் குறையும், பலம் குறையாது. ஸ்க்ரூ ஓட்டை மாவாகிவிட்டதா? உதிர்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, மரக்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து அடித்து, ஒரு நாள் காயவிட்டு, நடுவில் மெல்லிய ஓட்டை போட்டு ஸ்க்ரூவை ஏற்றினால் புது மரத்தில் ஏற்றியது போல் பிடிக்கும். இந்த "ஒரு நாள் காயவிட்டு"தான் பலரால் முடிவதில்லை!

ஒரு எச்சரிக்கை. காணாமல் போன ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த நீள ஸ்க்ரூவைப் போடக் கூடாது. பலகை பெரும்பாலும் 16 அல்லது 18 மில்லிமீட்டர்தான். அந்தப் பக்கம் முனை எட்டிப் பார்க்கும், லேமினேஷன் வெடிக்கும், கை கிழியும்.

எங்கே நிறுத்த வேண்டும்

இனி மறுபக்கம். சரி செய்வதில் ஆர்வம் வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்ற தைரியமும் வந்துவிடும். மூன்று இடங்களில் அந்தத் தைரியம் கூடாது.

முதலாவது, சுவரில் பிணைக்கிற கிளாம்ப். பெட்டியில் எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கிடக்கும், கையேட்டின் கடைசிப் பக்கத்தில் வரும். தொலைந்தால் யாரும் தேடுவதில்லை, ஏனென்றால் அது இல்லாமலும் அலமாரி நிற்கும். பிரச்சினை, ஒரு குழந்தை கீழ் டிராயர்களை இழுத்துப் படிக்கட்டு மாதிரி ஏறும்போது. அமெரிக்காவில் ஐகியாவின் மால்ம் வகை டிராயர் அலமாரிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்தன. 2015ல் சுவரில் பிணைக்கும் கிட்டை இலவசமாகத் தருவதாக அறிவித்தார்கள். அது போதவில்லை. 2016 ஜூனில் மால்மும் வேறு மாடல்களும் சேர்த்து சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டி வந்தது. 2022 டிசம்பரில் அங்கே துணி அலமாரிகள் கவிழாமல் இருப்பதற்கென்றே ஸ்டர்டி சட்டம் வந்தது. நம் வீடுகளில் அந்த கிளாம்ப் எத்தனை பேர் மாட்டியிருக்கிறோம்? வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போட்டால் ஓனர் அட்வான்ஸில் பிடிப்பார் என்ற பயம் வேறு. ஓட்டைக்கு ஐநூறு ரூபாய் பிடித்தாலும் பிடிக்கட்டும். பேச்சுலர் ரூமிலிருந்து அக்கா வீட்டுக்குப் போகிற உயரமான அலமாரி என்றால், அங்கே குழந்தை இருக்கிறது என்றால், முதலில் வாங்க வேண்டிய உதிரி அதுதான்.

இரண்டாவது, ஆள் ஏறிப் படுக்கிற பொருள். மாடிக் கட்டில், மடக்குக் கட்டில் போன்றவை. இவற்றின் போல்ட்டுக்குப் பதில் "ஏறக்குறைய அதே மாதிரி" என்ற பேச்சே கூடாது. கம்பெனி பாகம் கிடைக்க வேண்டும், அல்லது விஷயம் தெரிந்த கார்பென்டர் பார்த்து அதே விட்டம், அதே நீளம் போட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மேல்கட்டிலைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, ஊதிய பலகை. 2015லும் 2023லும் சென்னையில் வெள்ளம் வடிந்த பிறகு இதைப் பார்க்காதவர்கள் குறைவு. தேக்கு பீரோவைக் காயவைத்து உள்ளே கொண்டு போனார்கள், பார்ட்டிகிள் போர்டு சாமான் பிஸ்கட் மாதிரி நனைந்து கிடந்தது. ஊதிய பலகையில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. அங்கே சரி செய்வது பணத்தையும் நேரத்தையும் தண்ணீரில் போடுவது. நல்ல உதிரிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, பலகைக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

"நேரம்தானே பணம்?"

இந்த வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அரை நாளைச் செலவழித்து மண்ணடிக்குப் போய் வருவதை விட, புது டேபிள் ஆர்டர் செய்வது அவருக்கு லாபமாகக்கூட இருக்கலாம். ஆட்டோ காசே உதிரி விலையை விடப் பலமடங்கு.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபடுகிறது. பழைய டேபிள் எங்கே போகும்? இரும்புக் கட்டில் என்றால் காயலான் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுப்பார். தேக்கு என்றால் வாங்க ஆள் உண்டு. பார்ட்டிகிள் போர்டைச் சும்மா கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள். பசை கலந்தது என்பதால் மரமாக மறுபடி பயன்படுத்துவது கடினம். குளிருக்கோ அடுப்புக்கோ எரித்தால் வருகிற புகை நல்லதில்லை. மிச்சம் குப்பைமேடுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் கணக்குப்படி அங்கே 1960ல் 22 லட்சம் டன்னாக இருந்த மரச்சாமான், மெத்தை வகைக் கழிவு 2018ல் 1 கோடியே 21 லட்சம் டன் ஆனது. அதில் 80 சதவீதம் மண்ணில் புதைந்தது. பெருங்குடியும் கொடுங்கையூரும் பட்ட பாடு தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். புதுசு வாங்குகிறவரின் நேரம் மிச்சமாகிறது, அதன் விலையைக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் கட்டுகிறார்.

தவிர, நேரம் இல்லாதவருக்கும் வழி உண்டு. தெருமுனையில் வைப்பதற்குப் பதில், "இரண்டு மினிஃபிக்ஸ் இல்லை, மற்றபடி நன்றாக இருக்கிறது" என்று ஒரு சீட்டு ஒட்டி ஜூனியருக்குக் கொடுத்துவிடலாம். அவனிடம் காசு இல்லை, நேரம் இருக்கிறது.

செய்ய வேண்டியவர்கள்

எல்லாப் பொறுப்பையும் வாங்குகிறவன் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. "பாகம் எஃப்" என்பதற்குப் பக்கத்தில் "எம்6, 50 மில்லிமீட்டர்" என்று ஒரு வரி அச்சடிக்க கம்பெனிக்கு ஆகிற செலவு எவ்வளவு? அந்த ஒரு வரி இருந்தால் எந்த ஊரில் இருப்பவரும் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு வகை உதிரியிலும் ஒன்று கூடுதலாகப் போட்டால் பாதிப் புகார்களே வராது. ஐந்து வருடமாவது உதிரி தனியாகக் கிடைக்கும் என்ற உறுதி பெட்டி மேலேயே இருக்க வேண்டும். டிவிக்கும் ஃபோனுக்கும் பழுதுபார்க்கும் உரிமை பேசுகிற காலத்தில், மேசைக்கும் நாற்காலிக்கும் அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதுவரைக்கும் வழி எளிமையானது. சாமானைக் கழற்றும் அன்றே எல்லா உதிரிகளையும் ஒரு ஜிப் கவரில் போட்டு, அந்த எல் கீயோடு சேர்த்து, பெரிய பலகையின் பின்புறம் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பலகை எங்கே போகிறதோ அங்கே ஸ்க்ரூவும் போகும். அடுத்த மே மாதம் தெருமுனையில் ஒரு அலமாரியாவது குறையும்.